இரண்டு நாள் வைத்துப் பார்த்த தட்டு

கண் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்தின் கண்ணாடித் தடுப்பில் அரைவட்டமாக ஒரு துளை இருக்கும். ரிப்போர்ட்டுகளை அதன் வழியாகத்தான் நீட்டுவார்கள். இருபத்தெட்டு வருடம் அந்தத் துளைக்கு உள்பக்கம் இருந்தவள் நான். வெளிப்பக்கம் நின்று கையை உள்ளே விட்டது அன்றுதான் முதல் தடவை.

துளை எவ்வளவு தாழ்வாக இருக்கிறது என்பதும் அன்றுதான் தெரிந்தது. இடுப்பை வளைத்தால்தான் உள்ளே இருப்பவர் முகத்தைப் பார்க்க முடியும். நோயாளிகள் ஏன் என் முன்னால் எப்போதும் ஒரு பணிவோடு நின்றார்கள் என்ற சந்தேகம் ஓய்வு பெற்று நான்கு வருடம் கழித்துத் தீர்ந்தது.

மஞ்சுளா காகிதத்தை நீட்டினாள். என்னிடம் வேலை கற்று, என் நாற்காலிக்கு வந்தவள். "நெகட்டிவ் மேடம்" என்று சிரித்தாள்.

தனராஜ், ஆண், வயது ஐம்பத்திரண்டு. வலது கண், கருவிழிச் சுரண்டல். பாக்டீரியா வளர்ச்சி இல்லை. பூஞ்சை இதுவரை இல்லை. அமீபா, இரண்டு நாள் வளர்ப்புக்குப் பின் காணப்படவில்லை.

தனராஜ் என் தம்பி. பின்னால் பெஞ்சில், மனைவி ஸ்டெல்லாவின் துப்பட்டாவைத் தலையோடு போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வெளிச்சம் பட்டால் அவனுக்குத் தாங்கவில்லை. காகிதத்தின் சத்தம் கேட்டுத் துப்பட்டாவுக்குள்ளிருந்து பேசினான்.

"இன்னா அக்கா, பாஸா ஃபெயிலா?"

"நெகட்டிவ்டா."

"நெகட்டிவ்னா நல்லதா கெட்டதா? மொதல்ல அத்த சொல்லு."

"நல்லது" என்றேன்.

பட்டறையில் ஒரு பாட்டில்

எங்கள் அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத்தில் இறங்கியவர். சுரங்கம் மூடியபின் குடும்பம் பெங்களூருக்கு வந்தது. நான் படித்து அரசு வேலைக்குப் போய் ஆஸ்டின் டவுனில் குடியேறினேன். தனா இரும்பைப் பிடித்துக்கொண்டான். மர்பி டவுனில் வீடு, அடுகோடியில் ஒரு லேத் பட்டறையில் வேலை. கடைசல் இயந்திரத்தில் நூலிழை பிசகாமல் இரும்பைச் சீவுவான். அளவுகோலை எடுக்கும் முன்பே கண்ணாலேயே அளவைச் சொல்லிவிடுவான் என்று முதலாளி பெருமைப்படுவார்.

பட்டறைக்காரர்களுக்குக் கண்ணில் இரும்புத்தூள் விழுவது தும்மல் வருவதுபோல. அதற்காக யாரும் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. ஒவ்வொரு பட்டறையிலும் தூள் எடுக்கக் கை பழகிய ஒருவர் இருப்பார். தீக்குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றி, இமையைப் புரட்டி, ஒரே வழிப்பில் எடுத்துவிடுவார். பிறகு கண்ணைக் கழுவ வேண்டும். கழுவத் தண்ணீர், சூடான இரும்பை முக்கி ஆற்றும் நீல டிரம்மில் இருக்கிறது. கடைசியாக, கிரைண்டர் பக்கத்தில் ஆணியில் தொங்கும் சொட்டு மருந்து. பட்டறை முழுவதற்கும் ஒரே பாட்டில். தீர்ந்தால் மெடிக்கலில் அதே பெயரைச் சொல்லி இன்னொன்று வாங்கி மாட்டுவார்கள்.

தனாவுக்கும் இதே வரிசைப்படிதான் எல்லாம் நடந்தது. தீக்குச்சி, டிரம், பாட்டில். முறை தவறவே இல்லை. எங்கள் குடும்பத்தில் முறையை மதிப்பவள் நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன்.

அந்தப் பாட்டிலை அவன் மூன்று வாரம் ஊற்றியிருக்கிறான். கண் சிவந்தே இருந்தது. வலி மட்டும் ஏறிக்கொண்டே போனது.

"மொளகாப்பொடிய தூவிட்டு மேல கண்ணாடி பீங்கான் போட்டு அரைக்கிறா மாதிரி கீதுக்கா" என்று போனில் சொன்னான். அதன்பிறகுதான் நான் அழைத்துப் போனேன். மூன்று வாரச் சொட்டு மருந்தைப் பற்றி ஆட்டோவில் போகும்போதே என்னிடம் சொல்லிவிட்டான். எனக்குத் தெரியாது என்று பின்னால் சொல்லிக்கொள்ள வழியே வைக்கவில்லை.

உருண்டுகொள்ளும் உயிர்

இங்கே கொஞ்சம் பாடம் நடத்த வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

குழாய்த் தண்ணீரிலும் மண்ணிலும் தூசியிலும் ஒரு வகை அமீபா இருக்கிறது. ஒரே ஒரு செல். தலை இல்லை, மூளை இல்லை, கண்ணும் இல்லை. முள் முள்ளாகக் கால் நீட்டி நகர்ந்து, பாக்டீரியாவைத் தின்று பிழைக்கும். பெரும்பாலும் யாரையும் தொந்தரவு செய்யாது. கருவிழியில் ஒரு கீறலும் அதன் மேல் அழுக்குத் தண்ணீரும் சேர்ந்தால் மட்டும் உள்ளே போய்க் குடியேறும்.

தின்ன எதுவும் இல்லாமல் போனாலும், சுற்றியுள்ள நீரில் உப்பு கூடினாலும், தனக்கு ஆகாத மருந்து கலந்தாலும், அதன் மேல்தோல் அந்த மாற்றத்தை உணர்ந்துவிடும். உடனே கால்களை உள்ளே இழுத்துக்கொள்ளும். உடம்பிலிருக்கும் நீரை வெளியேற்றும். உருண்டையாகி, தன்னைச் சுற்றி ஒரு சுவர் எழுப்பும். அதற்கு உள்ளே இன்னொரு சுவர், மரத்தில் இருக்கும் அதே செல்லுலோஸ் கலந்து. வெளிச்சுவர் உலர்ந்த திராட்சைபோலச் சுருங்கியிருக்கும். உள்சுவருக்கு மூலைகள் உண்டு. நுண்ணோக்கியில் பார்த்தால் ஒரு வட்டத்துக்குள் நட்சத்திரம் மாட்டிக்கொண்டதுபோல இருக்கும்.

அந்த நிலையில் அது வருடக்கணக்கில் கிடக்கும். குளோரின் அதை ஒன்றும் செய்யாது. மெடிக்கலில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்து அதற்கு ஒரு எச்சரிக்கை மணி, அவ்வளவுதான்.

இரண்டு சுவர்களும் ஒட்டும் இடங்களில் மூடி போட்ட சிறு துளைகள் உண்டு. பக்கத்தில் பாக்டீரியா வந்து, அது கசியவிடும் ரசாயனங்கள் எட்டினால், ஆபத்து விலகிவிட்டது, சாப்பாடு வந்துவிட்டது என்று பொருள். மூடி திறக்கும். அமீபா பிதுங்கி வெளியே வரும். ஓடு காலியாகக் கிடக்கும்.

எத்தனை நாளில் வெளியே வரும்? அது எவ்வளவு பயந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. பயம் என்பது என் சொல். பாடப்புத்தகம் அப்படிச் சொல்லாது.

அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதே இல்லை. விஜிலன்ஸ் வருகிறார்கள் என்று ஒரு கடிதம் வந்த மறுநாள் எங்கள் பிரிவுகளைப் பார்த்திருக்க வேண்டும்.

ஏழு, இரண்டு

இந்த அமீபாவைக் கண்டுபிடிக்கும் முறை எளிது. சத்து எதுவும் சேர்க்காத கடற்பாசிக் கூழைக் கண்ணாடித் தட்டில் ஊற்றி இறுக வைப்போம். மேலே பாக்டீரியாவைப் பாலாடைபோலப் பரப்புவோம். கண்ணிலிருந்து சுரண்டி எடுத்ததை நடுவில் வைப்போம். அமீபா இருந்தால் பாக்டீரியாவைத் தின்றுகொண்டே நகரும், நகர்ந்த வழி தடமாகத் தெரியும். தட்டின் ஓரத்தை டேப்பால் ஒட்டி, தினமும் கவிழ்த்துவைத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். புத்தகம் ஏழு நாளாவது பார்க்கச் சொல்கிறது. பத்து நாள் பார்த்தால் இன்னும் நல்லது.

எங்கள் கூடத்துக்குத் தரச்சான்று வாங்க ஆய்வுக்குழு வருவதாக இருந்தது. ஒவ்வொரு பரிசோதனைக்கும் எழுத்தில் ஒரு செயல்முறை, அதில் ஒரு கால அளவு, கீழே ஒரு கையெழுத்து இருக்க வேண்டும் என்றார்கள். எழுதும் வேலை எனக்கு வந்தது. எனக்கு அது பிடித்த வேலை என்பதை மறைப்பதற்கில்லை. மொத்தம் ஒரு தடிமனான கோப்பு. காற்புள்ளி இடம் மாறினால்கூடத் திருப்பி அனுப்புவேன்.

அப்போது எங்களிடம் இருந்தது ஒரே ஒரு வளர்ப்புப் பெட்டி. தட்டுகள் அதில் இடமில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நின்றன. அமீபா தட்டுகள் வேறு வாரக்கணக்கில் குடியிருந்தன. அதுவரை நான் கண்டுபிடித்த அமீபாக்கள் எல்லாமே இரண்டாம் நாளே தடம் காட்டியிருந்தன. அதனால் எழுதினேன்: இரண்டு நாள் பார்க்கவும், அதன்பின் அப்புறப்படுத்தவும்.

தட்டச்சு செய்துகொண்டிருந்த மஞ்சுளா தலையைத் தூக்கினாள்.

"மேடம், புக்ல ஏழுன்னு இருக்கே?"

"அந்தப் புக்கையே ஒரு வளர்ப்புப் பெட்டி வாங்கித் தரச் சொல்லு."

அறையே சிரித்தது. மஞ்சுளாவும் சிரித்துக்கொண்டே 'இரண்டு' என்று அடித்தாள். ஆய்வுக்குழுத் தலைவர் அந்தக் கோப்பைப் புரட்டிவிட்டு, மற்ற கூடங்கள் இதைப் பார்த்துக் கற்க வேண்டும் என்றார்.

நான் ஒன்றைக் கவனிக்கவில்லை. அந்தக் காலத்தில் எங்களிடம் வந்த கண்கள் மருந்தே படாத கண்கள். கிராமத்திலிருந்து நேராக வந்தவர்கள். அவர்கள் கண்ணிலிருந்த அமீபாக்கள் விழித்திருந்தன. இப்போது வருகிறவர்கள் வாரக்கணக்கில் ஏதாவது ஊற்றிவிட்டு வருகிறார்கள். உள்ளே இருப்பது சுவர் எழுப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அதற்கு இரண்டு நாள் போதாது. நோயாளிகள் மாறிவிட்டார்கள், கோப்பு மாறவில்லை. கோப்பு மாறாமல் இருப்பதை உறுதி செய்வதுதான் என் பதவியின் வேலையாக இருந்தது.

என் வாயால்

ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனோம். சின்ன வயது, பொறுமையானவர். காகிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"மேடம், எனக்கு இன்னும் அமீபா மேலதான் சந்தேகம். கண்ணுல தெரியறதவிட வலி ஜாஸ்தி இருக்கு. நேரா மைக்ரோஸ்கோப்ல பாக்கற ஸ்லைடுக்கும் ரொம்பக் கொஞ்சம்தான் கிடைச்சுது. இன்னொரு தடவை சுரண்டிப் பாத்துடலாமா?"

தனா பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். முதல் தடவை சுரண்டும்போது அவன் கத்தியது வராந்தா வரைக்கும் கேட்டிருந்தது.

டாக்டரம்மா கேட்டது என்னை. அவருடைய சந்தேகம் சரியானது. மூன்று வாரச் சொட்டு மருந்து என் மனதில் இருந்தது. புத்தகத்தின் ஏழு நாளும் இருந்தது. அந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். அதற்குப் பதிலாக எனக்கு வந்தது கோபம். என் கூடத்தின் ரிப்போர்ட்டை ஒருவர் நம்ப மறுக்கிறாரே என்ற கோபம்.

"நான் நடத்தின லேப் டாக்டர் அது. அங்க நெகட்டிவ்னா நெகட்டிவ்தான்."

"அக்காவே சொல்லிட்டா" என்றான் தனா. "போதும் டாக்டர், மறுக்கா சொரண்டாதீங்க."

டாக்டரம்மா காகிதத்தை இன்னொரு தடவை படித்தார். பிறகு, வைரஸாக இருக்கலாம் என்று சொல்லி, அதற்கான மருந்தோடு ஸ்டீராய்டு சொட்டும் எழுதினார். ஸ்டீராய்டு சிவப்பையும் வீக்கத்தையும் குறைக்கும். கண் தன்னைக் காத்துக்கொள்ள வைத்திருக்கும் காவலையும் சேர்த்துக் குறைக்கும்.

மூன்றாம் நாள் போன் வந்தது. "சூப்பர்க்கா. செவப்பே கொறஞ்சிடிச்சி. நீ மட்டும் அன்னிக்கி சொல்லலன்னா மறுபடி நோண்டியிருப்பாங்க." ஸ்டெல்லா எனக்குப் பிரியாணி கொடுத்தனுப்பினாள். நன்றாகச் சாப்பிட்டேன்.

பாழாய்ப்போன இயந்திரம்

அடுத்த வாரம் ஸ்டெல்லாதான் பேசினாள். "அண்ணி, செவுத்துல தலைய முட்டிக்கிறாரு. கொஞ்சம் வாங்களேன்."

மர்பி டவுன் போய், திரை போட்ட அறையில் டார்ச் அடித்துப் பார்த்தேன். கருவிழியைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம், சுண்ணாம்பு தொட்டு வரைந்ததுபோல. அமீபா தின்ற கண்ணில் விழும் அந்த வளையத்தின் படம் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் பதினைந்து வருடம் இருந்தது. டார்ச்சை அணைத்துவிட்டேன்.

"இன்னாக்கா?"

"இருடா, வந்துடறேன்."

ஆட்டோ பிடித்துக் கூடத்துக்குப் போனேன். அந்தத் துளைக்குக் குனியாமல் பக்கத்துக் கதவைத் தள்ளி உள்ளே நுழைந்தேன். தனாவின் தட்டு எங்கே என்று கேட்டேன்.

மஞ்சுளாவின் முகம் வெளுத்தது. தட்டுக்காக அவள் பயப்படவில்லை. என்னிடம் ஒரு விதிமீறல் அகப்படப் போகிறதே என்று பயந்தாள்.

"க்ஷமிசி மேடம், மன்னிச்சிடுங்க. அப்புறப்படுத்தின பை இன்னும் இங்கதான் இருக்கு. ஆட்டோகிளேவ் கெட்டுப் போச்சு. ரிப்பேர் ஆள் நாளைக்கு வரேன், நாளைக்கு வரேன்றான், இன்னும் பந்தில்லா, வரவே இல்ல. ரிஜிஸ்டர்ல மட்டும் ரெண்டாம் நாளே டிஸ்கார்டுன்னு எழுதிட்டேன்."

ஆட்டோகிளேவ் என்பது நீராவி அழுத்தத்தில் கிருமிகளைக் கொல்லும் இயந்திரம். தூக்கிப் போடும் தட்டுகள் அதில் வெந்த பிறகுதான் வெளியே போகும். அது பழுதானதால் சிவப்புப் பை ஒன்பது நாளாக மூலையில் கிடந்தது. அந்தக் கூடத்தில் என் விதியை மதிக்காமல் இருந்தது அந்த இயந்திரம் ஒன்றுதான்.

கையுறை போட்டுக்கொண்டு பையை அவிழ்த்தேன். புளித்த வாடை. பதினேழாவது தட்டு தனாவுடையது. ஓரத்தில் டேப் பிரியாமல் இருந்தது. கவிழ்த்து நுண்ணோக்கியில் வைத்தேன்.

தட்டு முழுக்கத் தடங்கள். காலையில் ஈரப் புல்லில் நாய்கள் ஓடிய மாதிரி குறுக்கும் நெடுக்கும். தடங்களின் முனைகளில் அவை. மெதுவாகக் கால் நீட்டி, ஊர்ந்து, தின்றுகொண்டிருந்தன. நடுவில், சுரண்டலை வைத்த இடத்தில், காலி ஓடுகள்.

மூன்றாம் நாள் வந்தனவா, ஆறாம் நாளா, தெரியாது. யாராவது பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

மஞ்சுளாவும் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது என்னைப் பார்க்கவில்லை.

"புது ரிப்போர்ட் கொடு" என்றேன்.

"எப்படி மேடம்? கணக்குப்படி இந்தப் பிளேட்டே இல்லை. இல்லாத பிளேட்டுக்கு ரிப்போர்ட் கொடுக்கக் கூடாதுன்னு பதினொண்ணாம் பக்கத்துல நீங்கதான..."

நான் டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். ஸ்டீராய்டை அந்த நிமிடமே நிறுத்தச் சொன்னார். தனாவை உடனே அழைத்துவரச் சொன்னார்.

மீதி

அதன்பின் நடந்தவற்றை நீட்டி எழுத மனம் வரவில்லை. இந்த நோய்க்கான மருந்து கடையில் கிடைக்காது. நீச்சல்குளத்தைச் சுத்தம் செய்யப் பயன்படும் ஒரு ரசாயனத்தை மிக மெல்லியதாகக் கரைத்து ஆஸ்பத்திரியிலேயே தயாரித்துத் தருவார்கள். மணிக்கு ஒரு சொட்டு. ஸ்டெல்லாவும் நானும் முறை வைத்து ஊற்றினோம். விழித்திருக்கும் அமீபாவை அது கொல்லும். மற்றவை மருந்தை உணர்ந்ததும் உருண்டுகொள்ளும். நாங்கள் கொஞ்சம் தளர்ந்தால் வெளியே வரும்.

இரண்டாம் மாதம் கருவிழியில் ஓட்டை விழுந்தது. யாரோ இறந்தவர் கொடுத்த கருவிழியை வைத்துத் தைத்தார்கள். ஆறு வாரத்தில் அதிலும் அதே வெள்ளை வளையம் வந்தது. ஐந்தாம் மாதம், வலி தாங்காமல், எடுத்துவிடுங்கள் என்று தனாவே கேட்டான். எடுத்துவிட்டார்கள்.

இப்போது அந்த இடத்தில் இடது கண்ணைப் பார்த்து நிறம் தீட்டிய ஓடு ஒன்று இருக்கிறது. லேத்தில் நிற்க முடியாது. ஒரு கண்ணுக்கு ஆழம் தெரியாது, கருவி இரும்பைத் தொட்டுவிட்டதா, இன்னும் மயிரிழை இருக்கிறதா என்று சொல்ல முடியாது. முதலாளி நல்லவர். ஸ்டோர் ரூமில் போல்ட்டு நட்டு எடுத்துக் கொடுக்கும் வேலையில் வைத்திருக்கிறார்.

அந்த விதி என்னுடையது என்பது அவனுக்குத் தெரியாமலே இருந்தது. சொல்லாமல் விட்டுவிடலாம் என்று சில மாதம் நானும் உருண்டுதான் கிடந்தேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசை முடிந்து மர்பி டவுனில் மதியச் சாப்பாட்டில், சொன்னேன். ஏழு நாள், இரண்டு நாள், என் கையெழுத்து, சிவப்புப் பை, எல்லாம்.

ஸ்டெல்லாதான் முதலில் கேட்டாள். "ஏழு நாளுன்னு தெரிஞ்சேவா எழுதினீங்க, அண்ணி?"

"தெரியும்."

தனா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். "இப்ப மாத்திட்டாங்களா?"

"லெட்டர் போட்டிருக்கேன். மூணு மாசம் ஆச்சு. கமிட்டி கூடணும். காரணம் எழுத்துல வேணும். நான் ரிடயர் ஆனவ, பிரிவுத் தலைவர் வழியாத்தான் வரணும்னு திருப்பி அனுப்பினாங்க. மறுபடி அனுப்பியிருக்கேன்."

"அப்ப இன்னிக்கி ஒருத்தன் எங்கிட்ட இருந்தா மாதிரி கண்ணோட போனா?"

"ரெண்டு நாள்தான்."

இப்போதெல்லாம் ஒருவரைப் பார்க்க அவன் கழுத்தை முழுக்கத் திருப்ப வேண்டும். திருப்பினான்.

"நீ அந்த ரெண்டு நாள எழுதறதுக்கு எத்தினி நாள் ஆச்சுக்கா?"

"கால் மணி நேரம்" என்றேன்.

ஸ்டெல்லா குழம்புக் கரண்டியைச் சட்டியிலேயே விட்டுவிட்டு உள்ளே போனாள். தனா சோற்றுக்குத் திரும்பினான். தட்டில் இருந்ததைச் சாப்பிட்டான். அவனுக்கு எதிரிலேயே உட்கார்ந்து நானும் சாப்பிட்டு முடித்தேன்.